எதிரணி கிடைத்த நாடு

ஒரு சிறிய நாட்டின் கிரிக்கெட் அணி வளர என்ன வேண்டும் என்று கேட்டால் மைதானம், பணம், நல்ல பயிற்சியாளர் என்று பதில்கள் வரும். இலங்கை அணியின் வரலாறு இவற்றுக்கு முன்னால் இன்னொன்றை வைக்கிறது. தன்னைவிடச் சற்றே வலுவான ஓர் எதிரணி, வருடம் தவறாமல், கூப்பிடு தூரத்தில் கிடைக்க வேண்டும். இலங்கைக்கு அப்படி ஓர் எதிரணி கடலுக்கு இக்கரையில் சென்னையில் கிடைத்தது. டெஸ்ட் அந்தஸ்து பெறுவதற்கு முந்தைய முப்பது ஆண்டுகள் இலங்கை அணி யாரோடு ஆடித் தன்னைத் தேற்றிக்கொண்டது என்பதை விட்டுவிட்டு, 1996 உலகக் கோப்பையிலிருந்து கதையைத் தொடங்குபவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

இலங்கையில் கிரிக்கெட் பிரிட்டிஷ் படையினரோடும் தோட்டத் துரைமார்களோடும் வந்தது. கொழும்பு கிரிக்கெட் கிளப் 1832இல் தொடங்கியது. 1882இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஐவோ பிளையின் இங்கிலாந்து அணி, கப்பல் கொழும்பில் நின்றபோது இறங்கி ஓர் ஆட்டம் ஆடியது. அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இது வழக்கமாயிற்று. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே போய்வந்த அணிகள் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் ஒரு நாளில் உள்ளூர் அணியோடு ஆடிவிட்டுப் போயின. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொழும்பு ரசிகர்கள் பார்த்தது இப்படித்தான். ஆனால் அவை பெரும்பாலும் விருந்தாளிகள் கால் நீட்டிக்கொள்ளும் ஆட்டங்கள். பயணம் விமானத்துக்கு மாறியதும் அவையும் நின்றுபோயின.

உள்ளூரில் கிரிக்கெட் இன வாரியாக அமைந்தது. மலாய்க்காரர்களுக்கு ஒரு கிளப், பறங்கியருக்கு ஒரு கிளப், முஸ்லிம்களுக்கு மூர்ஸ் கிளப் என்று எழுந்தன. சிங்கள ஸ்போர்ட்ஸ் கிளப்பும் தமிழ் யூனியனும் 1899இல் ஒரே ஆண்டில் பிறந்தன. இதே காலத்தில் பம்பாயில் இந்துக்கள், பார்சிகள், முஸ்லிம்கள் என்று மதவாரியாக அணிகள் ஆடிக்கொண்டிருந்ததை நினைத்தால் இது விந்தையாகத் தோன்றாது. காலனி ஆட்சி மக்களை எப்படிக் கணக்கெடுத்ததோ அப்படியே மைதானத்திலும் பிரித்து நிறுத்தியது. கொழும்பில் அந்தப் பெயர்கள் இன்றும் நீடிக்கின்றன. ஆனால் எந்தக் கிளப்பிலும் எவரும் ஆடலாம் என்ற நிலை மெல்ல வந்துவிட்டது. தமிழ் யூனியனுக்கு ஆடிய சிங்கள வீரர்கள் ஏராளம்.

கிளப்களைவிட ஆழமாக வேர்விட்டது பள்ளிக்கூடக் கிரிக்கெட். கொழும்பில் ராயல் கல்லூரிக்கும் செயின்ட் தாமஸ் கல்லூரிக்கும் இடையிலான ஆட்டம் 1879இல் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து ஆடியதாகத் தொடங்கி, உலகப் போர்க் காலத்திலும் நிற்காமல் நடந்துவருகிறது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் இதுபோன்ற ஆட்டம் உண்டு. காலியிலும் கண்டியிலும் இப்படியே. பள்ளிகளின் பழைய மாணவர்கள் பேண்டு வாத்தியத்தோடு வந்து, தம் கல்லூரிக் கொடியைக் கட்டிக்கொண்டு, இரண்டு மூன்று நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் ஆட்டங்கள் இவை. பதினேழு வயதுப் பையன் ஆயிரக்கணக்கானோர் முன்னால் பேட் செய்யும் பதற்றத்தைப் பள்ளியிலேயே பழகிவிடுகிறான். தமிழ்நாட்டில் இந்த அளவுக்கு ஊரே திரண்டு பார்க்கும் பள்ளி ஆட்டம் ஒன்றுகூட இல்லை. இலங்கையின் பலம் இங்கே இருந்தது, பலவீனமும் இங்கேதான் இருந்தது. எந்தப் பள்ளியில் படித்தான் என்பதே ஒருவன் அணிக்குள் வருவதை நெடுங்காலம் தீர்மானித்தது. மைதானம் இல்லாத பள்ளியில் படித்தவனுக்கு வழியே கிடையாது.

இலங்கை அணி முதல்தர ஆட்டம் ஆடியது 1926-27இல், கொழும்புக்கு வந்த இங்கிலாந்தின் எம்.சி.சி. அணியோடு. இன்னிங்ஸ் தோல்வி. 1932-33இல் முதன்முறையாக இந்தியாவுக்குச் சுற்றுப்பயணம் வந்தபோது பாட்டியாலாவில் முதல் வெற்றி கிடைத்தது. 1940களில் அந்த அணியின் மிகப் பெரிய பேட்ஸ்மேன் மகாதேவன் சதாசிவம் என்ற கொழும்புத் தமிழர். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் அடித்த 215 ரன்களைப் பற்றிச் சென்னையின் பழைய ரசிகர்கள் பல பத்தாண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள். தான் பார்த்தவர்களில் மிகச் சிறந்த பேட்ஸ்மேன் சதாசிவம்தான் என்று மேற்கிந்தியத் தீவுகளின் ஃபிராங்க் வொரல் சொன்னதாக ஒரு கூற்று இன்றும் உலவுகிறது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய மூன்று நாட்டு அணிகளுக்கும் தலைமை தாங்கிய மனிதர் அவர். ஆயினும் ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட அவர் கணக்கில் கிடையாது. அவருடைய நாட்டுக்கு அப்போது டெஸ்ட் ஆடும் உரிமை இருக்கவில்லை.

1948 பிப்ரவரி 4ஆம் தேதி இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் டான் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பு ஓவல் மைதானத்தில் சதாசிவம் தலைமையிலான இலங்கையோடு ஆடியது. ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்து அளந்து பார்த்தபோது ஆடுகளம் 22 கெஜத்துக்குப் பதில் 20 கெஜம்தான் இருந்தது. அந்த மைதானத்தைத் தமிழ் யூனியனுக்காக உருவாக்கியவர் பாக்கியசோதி சரவணமுத்து. இலங்கைக் கிரிக்கெட் வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. இன்று அது பி. சரவணமுத்து மைதானம் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னாளில் இலங்கையின் முதல் டெஸ்ட் ஆட்டமும் முதல் டெஸ்ட் வெற்றியும் அங்கேதான் நிகழ்ந்தன.

சென்னைக்கு இந்தக் கதையில் உள்ள பங்கு 1952-53இல் தொடங்குகிறது. அதற்கு முன் சேப்பாக்கத்தில் பொங்கல் விடுமுறையில் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையே மாகாண ஆட்டம் ஒன்று நடந்துவந்தது. வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போனதும் ஓர் அணி சேர்க்க ஆள் இல்லாமல் அது நின்றது. பருவத்தின் பெரிய ஆட்டம் என்ற அந்த வெற்றிடத்துக்கு இலங்கை அணி வந்து சேர்ந்தது. சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஆண்டுக்கொரு முதல்தர ஆட்டம், சென்னையிலும் கொழும்பிலுமாக. வெற்றி பெறும் அணிக்கு எம்.ஜே. கோபாலன் கோப்பை.

இந்தக் கோபாலன் செங்கல்பட்டுப் பக்கத்து மொறப்பாக்கத்துக்காரர். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். ஹாக்கியிலும் இந்திய அணிக்கு ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் ஹாக்கி அணி, இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணி என இரண்டு வாய்ப்பும் ஒரே நேரத்தில் வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கம் வென்றது. இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்ட்டிலும் இடம் கிடைக்கவில்லை. அவர் ஆடிய ஒரே டெஸ்ட் 1934 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்தது. தனக்குக் கிடைக்காத வாய்ப்புகளின் கணக்கே நீண்ட ஒருவரின் பெயரில், வாய்ப்பில்லாத ஒரு நாட்டுக்காக ஒரு கோப்பை அமைந்தது பொருத்தமானது.

அந்தக் கோப்பை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இலங்கையின் உள்நாட்டு ஆட்டங்களின் நிலையைப் பார்த்தால் விளங்கும். கொழும்புக் கிளப்களுக்கிடையிலான தொடருக்கு முதல்தர அந்தஸ்து 1988-89இல்தான் கிடைத்தது. அதுவரை இலங்கை வீரனின் முதல்தரக் கணக்கில் ஏறக்கூடிய ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் உறுதியாக வருவது கோபாலன் கோப்பை மட்டுமே. இங்கிலாந்து அணி வரலாம், வராமல் போகலாம். சென்னை அணி வந்துவிடும். அந்தச் சென்னை அணியோ ரஞ்சிக் கோப்பையில் முன்னணியில் நின்ற அணி. 1954-55இல் கோப்பையையே வென்றது. ஏ.ஜி. கிருபால் சிங், சி.டி. கோபிநாத், பிறகு வி.வி. குமார், வெங்கட்ராகவன் என டெஸ்ட் ஆடியவர்களை உருவாக்கிய அணி. இரண்டு இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தை நாள் கணக்கில் நிதானமாகக் கட்டி எழுப்பும் பழக்கம் வார இறுதிக் கிளப் ஆட்டத்தில் வராது. அந்தப் பாடம் இலங்கைக்குச் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னைக்கும் லாபம் உண்டு. வெளிநாட்டு அணியை ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வாய்ப்பு இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் இருக்கவில்லை. இரு தரப்பும் சமமாகக் கொடுத்து வாங்கிக்கொண்ட உறவு இது. அதனால்தான் நீடித்தது.

பலன் 1965 ஜனவரியில் தெரிந்தது. மைக்கேல் திசேராவின் இலங்கை அணி அகமதாபாத்தில் நடந்த அங்கீகாரமற்ற டெஸ்ட்டில் பட்டோடி தலைமையிலான இந்தியாவை நான்கு விக்கெட்டில் வென்றது. அதே ஆண்டு சர்வதேசக் கிரிக்கெட் அமைப்பில் இணை உறுப்பினராக இலங்கை சேர்க்கப்பட்டது. அடுத்த படி ஏறப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1968இல் திட்டமிட்ட இங்கிலாந்துப் பயணம் அணித் தேர்வுச் சண்டையால் ரத்தானது. ஒரு தலைமுறை வீரர்களின் நல்ல வயது அதில் கரைந்துபோயிற்று. சிறு நாடுகளின் வீழ்ச்சி எப்போதும் வெளியிலிருந்து வருவதில்லை என்பதற்கு இது முதல் உதாரணம். கடைசி உதாரணமாகவும் இருக்கவில்லை.

1975 ஜூன் 11ஆம் தேதி லண்டன் ஓவலில் ஆஸ்திரேலியா முதல் உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக 60 ஓவரில் 328 ரன் எடுத்தது. பதிலுக்கு இலங்கை ஆடும்போது ஜெஃப் தாம்சனின் பந்து துலீப் மெண்டிஸின் தலையில் பட்டது. அப்போது தலைக்கவசம் கிடையாது. அடுத்து சுனில் வெத்தமுனியின் காலைப் பதம் பார்த்தது. இருவரும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இருந்தும் அணி சுருண்டுவிடவில்லை. 60 ஓவரும் நின்று 276 ரன் எடுத்தது. விழுந்தவை நான்கே விக்கெட். தோற்ற ஆட்டம்தான். ஆனால் இந்த நாட்டை இனி விருந்தாளிகளின் பயிற்சிக்கு ஆடும் அணியாக எண்ண முடியாது என்று அன்று மைதானத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து 1979 உலகக் கோப்பையில் மான்செஸ்டரில் இந்தியாவை 47 ரன்னில் இலங்கை வீழ்த்தியது. அன்று இந்தியாவின் கேப்டன் சென்னையின் வெங்கட்ராகவன். அதே வாரத்தில் கனடாவை வென்று ஐ.சி.சி. கோப்பையையும் இலங்கை பெற்றது.

ஆட்டத்தில் தகுதி வந்துவிட்டது. டெஸ்ட் அந்தஸ்துக்கான ஓட்டெடுப்பில் வெல்ல அரசியல் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. மகாவலித் திட்டத்தின் அமைச்சராக இருந்த காமினி திசாநாயக்க வாரியத் தலைவராகி, நாடு நாடாகப் பேசி ஆதரவு திரட்டினார். 1981 ஜூலையில் இலங்கை முழு உறுப்பினரானது.

1982 பிப்ரவரி 17 அன்று சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். கேப்டன் பந்துல வர்ணபுர முதல் பந்தை எதிர்கொண்டு நாட்டின் முதல் டெஸ்ட் ரன்னை எடுத்தார். ஆனந்தா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயது அர்ஜுன ரணதுங்க நாட்டின் முதல் டெஸ்ட் அரைச்சதத்தை அடித்தார். இரண்டாம் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுக்கு 167 என்று இருந்த அணி, ஜான் எம்புரியின் சுழலில் கடைசி ஏழு விக்கெட்டை எட்டு ரன்னுக்கு இழந்து 175இல் முடிந்தது. இங்கிலாந்து ஏழு விக்கெட்டில் வென்றது.

அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 15ஆம் தேதி, இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. இதற்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டு. சென்னைத் தொலைக்காட்சி அப்போது தென் மாவட்டங்களை எட்டவில்லை. கொடைக்கானல் கோபுரம் 1987இல்தான் வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள், தென் தமிழகக் கடலோரத்தில் டிவி பெட்டி வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த அலைவரிசை ரூபவாஹினிதான். கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று நீளும் கரையில் பாக் நீரிணையைத் தாண்டினால் அடுத்த கரை இலங்கைதான். உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் வைத்து, ஒருவர் மாடியில் நின்று திருப்ப, இன்னொருவர் கீழே பெட்டிக்கு முன்னால் நின்று ‘இன்னும் கொஞ்சம், கொஞ்சம், நிறுத்து’ என்று குரல் கொடுக்க, புள்ளி புள்ளியாகப் பறக்கும் திரைக்குள்ளிருந்து வெள்ளை உடை மனிதர்கள் மெல்ல உருப்பெறுவார்கள். காற்று மாறினால் படம் போய்விடும். வர்ணனை சிங்களத்தில் இருந்தாலும் ஸ்கோர் புரிந்துவிடும். இந்தியாவின் தென்கோடிக் கிராமங்கள் பல நேரடிக் கிரிக்கெட்டை முதலில் பார்த்தது பக்கத்து நாட்டின் உபயத்தில்.

அதே 1982 செப்டம்பரில் இலங்கை இந்தியாவோடு தன் முதல் டெஸ்ட்டை ஆட வந்தது. இடம் சேப்பாக்கம். வேறு எந்த மைதானத்தில் நடந்திருந்தாலும் அது பொருத்தமாக இருந்திருக்காது. துலீப் மெண்டிஸ் முதல் இன்னிங்ஸில் 105 அடித்தார். இலங்கை 346. சுனில் கவாஸ்கரின் 155, சந்தீப் பாட்டீலின் சதம் இவற்றோடு இந்தியா ஆறு விக்கெட்டுக்கு 566 எடுத்து டிக்ளேர் செய்தது. 220 ரன் பின்தங்கிய புதிய அணி அதன்பின் சுருண்டிருக்க வேண்டும். மெண்டிஸ் மறுபடியும் 105 அடித்தார். ராய் டயஸ் 97. இலங்கை 394 எடுத்து, இந்தியாவுக்கு 175 ரன் இலக்கு வைத்தது. கடைசி நாள் மாலையில் அசந்த டி மெல் ஐந்து விக்கெட் வீழ்த்த, இந்தியா ஏழு விக்கெட்டுக்கு 135 என்று தத்தளித்து டிராவில் தப்பியது. டெஸ்ட் அணியாகி ஏழு மாதமே ஆன நாடு, கபில்தேவும் கவாஸ்கரும் ஆடிய அணியைத் தோல்வியின் விளிம்புக்குக் கொண்டுபோனது. கோபாலன் கோப்பைக்காக வந்து வந்து சேப்பாக்கத்தின் வெயிலும் மண்ணும் இலங்கைக்கு அந்நியமாக இல்லாமல் போயிருந்தன. அந்த ஐந்து நாளில் அது தெரிந்தது.

அடுத்த மாதமே ஓர் அடி விழுந்தது. நிறவெறித் தடையை மீறி வர்ணபுர தலைமையில் பதினான்கு பேர் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடப் போனார்கள். வாரியம் அவர்களுக்கு இருபத்தைந்து ஆண்டுத் தடை விதித்தது. பெரிய நாடு இப்படியொரு இழப்பை ஓராண்டில் ஈடுகட்டிவிடும். இலங்கையிடம் இருந்த முதிர்ந்த வீரர்களில் பெரும்பகுதி அதோடு போயிற்று. மிஞ்சியவர்களைக் கொண்டே அணி நிமிர்ந்தது. 1984இல் லார்ட்ஸில் சிதத் வெத்தமுனி 190 அடித்தார். 1985 செப்டம்பரில் சரவணமுத்து மைதானத்தில் இந்தியாவை 149 ரன்னில் வென்று முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது.

இதற்குள் தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் நடந்து, நாடு போருக்குள் போய்விட்டது. லார்ட்ஸ் டெஸ்ட்டின்போதே தமிழர்கள் மைதானத்துக்குள் இறங்கி எதிர்ப்புக் காட்டினார்கள். 1987 ஏப்ரலில் கொழும்பில் குண்டு வெடித்ததும் நியூஸிலாந்து அணி பயணத்தை முடித்துக்கொண்டு திரும்பியது. அதன்பின் 1992 ஆகஸ்ட் வரை, ஐந்து ஆண்டுக்கு மேல், இலங்கை மண்ணில் ஒரு டெஸ்ட்கூட நடக்கவில்லை. வளரும் பருவத்தில் சொந்த மைதானத்தை இழந்த அணி அது. அந்த மௌனம் 1992இல் கலைந்தபோது, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இருபது வயது ஆஃப் ஸ்பின்னர் ஒருவர் அறிமுகமானார். பெயர் முத்தையா முரளிதரன்.

முரளிதரனின் தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920இல் தமிழகத்திலிருந்து கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். பிற்காலத்தில் மகள்களோடு திரும்பிவந்து திருச்சியில் வாழ்ந்தார். மகன்கள் இலங்கையிலேயே தங்கிவிட்டார்கள். இந்தக் குடும்பத்தின் கதை திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம், தஞ்சை மாவட்டங்களின் எத்தனையோ குடும்பங்களின் கதை. பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, கங்காணி அழைத்த வழியில், மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து கடல் தாண்டி மலையகத் தமிழரானவர்கள் அவர்கள். காப்பியும் தேயிலையும் அவர்கள் கையால் விளைந்தன. விடுதலை பெற்ற அதே 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அனுப்பப்படுகிறவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். நீலகிரிக்குப் போனவர்கள் போக, தாத்தா ஊர் என்று காதால் மட்டும் கேட்டிருந்த திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

முரளிதரனின் தந்தை கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். அதனால் மகனைக் கட்டுகஸ்தோட்ட செயின்ட் அந்தோணி கல்லூரியில் சேர்க்க முடிந்தது. அங்கே சுனில் ஃபெர்னாண்டோ என்ற பயிற்சியாளர், மிதவேகம் வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனை ஆஃப் ஸ்பின்னுக்கு மாற்றினார். பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை, எங்கும் சுழலும் மணிக்கட்டு. மீதியை உலகம் அறியும். 1995 மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர் அவர் பந்தை எறிவதாகச் சொல்லி நோ-பால் கொடுத்தபோது கேப்டன் ரணதுங்க அவரை விட்டுக்கொடுக்கவில்லை. சிங்களப் பெரும்பான்மை அணி ஒரு மலையகத் தமிழனுக்காக உலகத்தோடு மோதிய காலம், வடக்கில் போர் உச்சத்தில் இருந்த காலமும்கூட. 2010 ஜூலையில் காலியில் பிரக்யான் ஓஜாவின் விக்கெட்டோடு 800 டெஸ்ட் விக்கெட்டை எட்டினார். எவரும் இன்னும் அதை நெருங்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு மலையகத்துக்குக் கதவு திறந்துவிட்டதாகச் சொல்வது பிழை. முரளிதரன் உள்ளே வந்தது நல்ல மைதானமும் நல்ல பயிற்சியாளரும் இருந்த ஒரு நகரப் பள்ளியின் வழியாக. அவர் குடும்பம் தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே தங்கியிருந்தால், அந்தப் பையன் ஒரு தோட்டப் பள்ளியில் படித்திருந்தால், 800 விக்கெட் என்ற எண்ணே கிரிக்கெட் புத்தகத்தில் இருந்திருக்காது. தோட்டப் பள்ளிகளிலிருந்து தேசிய அணிக்கு வருவது இன்றும் அரிது.

இருந்தாலும் 1980களின் பிற்பகுதியில் இலங்கை ஒரு சரியான காரியத்தைச் செய்தது. கொழும்பின் இரண்டு மூன்று பணக்காரப் பள்ளிகளுக்கு வெளியே பார்வையைத் திருப்பியது. மாத்தறையிலிருந்து சனத் ஜயசூரிய வந்தார். அப்படி வந்த பையன்களுக்கு லார்ட்ஸ் பாடப்புத்தகம் மனப்பாடம் இல்லை. முதல் பதினைந்து ஓவரில் தூக்கி அடிக்கத் தயங்காதவர்கள். 1996 உலகக் கோப்பைக்கு முன்பு ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கி குண்டுவெடிப்பில் சிதைந்தது. ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. அப்போது பிப்ரவரி 13ஆம் தேதி, இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்புக்கு வந்து இலங்கையோடு ஆடின. டெண்டுல்கரும் வாசிம் அக்ரமும் ஒரே பக்கம் நின்ற அந்த நாள் துணைக்கண்டக் கிரிக்கெட்டின் மிக நல்ல நாள்களில் ஒன்று. மார்ச் 17இல் லாகூரில் அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட் எடுத்து, 107 ரன்னும் அடித்து, ஆஸ்திரேலியாவை வீழ்த்தி உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

பின்னால் வந்த லசித் மலிங்க காலிக்குப் பக்கத்து ரத்கமையில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர். பந்தைத் தோளுக்குக் கீழிருந்து சுழற்றி எறிவதுபோல வீசும் அந்தப் பாணியை எந்த அகாடமியும் கற்பித்திருக்காது, வந்தவனிடமிருந்து அழித்திருக்கத்தான் செய்யும். அழிக்காமல் விட்டது இலங்கையின் கெட்டிக்காரத்தனம். சேலம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் யார்க்கர் கற்றதும் டென்னிஸ் பந்தில்தான். புதுக்கோட்டையின் கண்மாய்க் கரைகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் கடற்கரைப் பொட்டல்களிலும் திருவிழாவை ஒட்டி நடக்கும் டென்னிஸ் பால் மேட்ச்களில் இத்தகைய விசித்திரமான கைகள் இல்லாமல் இல்லை. பார்க்க வருகிறவர்கள்தான் இல்லை.

இலங்கையின் அண்மைக் காலம் மகிழ்ச்சி தருவதாக இல்லை. 2014இல் டி20 உலகக் கோப்பை வென்ற அணி, 2023 உலகக் கோப்பையில் ஒன்பதாவது இடத்துக்கு இறங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் அரசின் தலையீட்டைக் காரணம் காட்டி ஐ.சி.சி. வாரியத்தை இடைநீக்கம் செய்து, 2024 ஜனவரியில்தான் அந்தத் தடையை விலக்கியது. நல்ல செய்தி வேறு பக்கத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த லெக் ஸ்பின்னர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2023 ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு ஆடினார். அடுத்த ஆண்டு ஐபிஎல்லிலும் பந்து வீசினார். 1904 முதல் பெரிய ஆட்டம் ஆடிவரும் ஊர் அது. இடையில் ஒரு போர் அதன் மைதானங்களைத் தின்றிருந்தது.

கோபாலன் கோப்பை 1980களின் தொடக்கத்தோடு வலுவிழந்தது. டெஸ்ட் நாடாகிவிட்ட இலங்கைக்கு மாநில அணியோடு ஆட நேரமில்லை என்பது ஒரு காரணம். 1983க்குப் பின் இரு கரைக்கும் இடையே எழுந்த கசப்பு இன்னொரு காரணம். 2013 மார்ச்சில் ஐபிஎல்லுக்கு இலங்கை வீரர்கள் சென்னைக்கு வரக்கூடாது என்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுத, ஐபிஎல் நிர்வாகமும் அதை ஏற்றது. 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் தமிழர்களுக்கு நடந்ததற்குத் தமிழ்நாட்டில் எழுந்த கோபம் நியாயமானது. அதன் சுமை மைதானத்துக்கு வந்த இளைஞர்கள் தலையில் விழுந்ததுதான் வருத்தம். இலங்கை அணி நிற்கக் கற்றுக்கொண்ட மைதானமே இலங்கை வீரர்களுக்கு மூடியது.

ஒப்பிட்டால் இழப்பின் அளவு தெரியும். வங்கதேசம் 2000இல் டெஸ்ட் அந்தஸ்து பெற்றது. இந்தியாவில் ஒரு டெஸ்ட் ஆட அதற்கு 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆப்கானிஸ்தானுக்குப் பயிற்சி மைதானங்களாக நொய்டாவும் டேராடூனும் லக்னோவும் கிடைத்தன. ஆனால் ஆண்டுதோறும் மாறாமல் வரும் ஓர் எதிரணி கிடைக்கவில்லை. நேபாளத்தின் நிலை இன்னும் மோசம். உலகக் கோப்பைகளுக்கு நடுவே வலுவான அணியோடு இரண்டு இன்னிங்ஸ் ஆட்டம் ஆட அதற்கு வாய்ப்பே அரிது. மைதானமும் பயிற்சியாளரும் காசிருந்தால் வந்துவிடும். சென்னை இலங்கைக்குச் செய்ததைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அங்கே பிறந்து வளர்ந்த இளைஞர்களுக்கு ஒரு கரையும் முழுதாகச் சொந்தமில்லை. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுவது இந்த மாவட்டத்துக்கு அன்றாடச் செய்தியாகிவிட்டது. இவ்வளவு சிக்கலான உறவைக் கிரிக்கெட் தீர்த்துவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முப்பது ஆண்டுகள் இரு கரையையும் மரியாதையோடு எதிரெதிரே நிறுத்திய ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதற்குப் புதிதாகப் பெயர்கூடத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் இலங்கை வாரியமும் கோபாலன் கோப்பையை இளைஞர் மட்டத்திலாவது ஆண்டுதோறும் மீண்டும் நடத்த வேண்டும். அதைச் சென்னைக்கும் கொழும்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஓர் ஆண்டு யாழ்ப்பாணத்திலும் ஓர் ஆண்டு மலையகத்து ஹட்டனிலும் ஓர் ஆண்டு புதுக்கோட்டையிலும் ஆட வேண்டும்.